நுண்சுர இசைக் கல்வி

நுண்சுர இசைக் கல்வி என்பது, ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம அரைச்சுரங்களாகப் பகுக்கும் ஐரோப்பிய முறையில் பயின்று தேர்ந்த இசைவாணர்களுக்கு, அரைச்சுரத்தினும் சிறிய இடைவெளிகளைக் கேட்கவும், பாடவும், வாசிக்கவும், குறியீட்டில் எழுதவும் கற்பிக்கும் பயிற்சியைக் குறிக்கும். ஸ்தாயியை 1200 சென்ட் என்னும் அலகுகளாகக் கொண்டால், அரைச்சுரம் 100 சென்ட் அளவுடையது. முழுச்சுரத்தின் நான்கில் ஒரு பங்காகிய கால்சுரம் 50 சென்ட் அளவுடையது. பியானோவோடு வளர்ந்த செவி இத்தகைய ஒலியைத் தனிச் சுரமாக ஏற்காமல் அருகிலுள்ள சுரத்தின் பிசகாகவே கேட்கும் இயல்புடையதாதலால், ஆழ்ந்த முன்பயிற்சியே சிலவேளை தடையாகிவிடுகிறது.

இத்துறையின் முன்னோடியாக இத்தாலியரான நிக்கோலா விசென்டினோ பொதுவாகக் குறிக்கப்படுகிறார். 1555இல் ரோமில் வெளியான தம் நூலில், ஸ்தாயிக்கு 36 கட்டைகள் கொண்ட ஆர்ச்சிசெம்பலோ என்னும் கருவியை அவர் விளக்கினார். தம் முறையைச் சில பாடகர்களுக்கு மட்டும், வெளியிடக் கூடாது என்னும் உறுதிமொழியின் பேரில் கற்பித்தார் என்பது அவரை எதிர்த்த சமகாலத்தவர் ஒருவரின் கூற்று. அடுத்த மூன்று நூற்றாண்டுகளில் பல கட்டைகள் கொண்ட கருவிகள் ஆங்காங்கே செய்யப்பட்டனவேனும், தொடர்ந்த கற்பித்தல் மரபு எதுவும் உருவாகவில்லை.

மெக்சிகோவின் இசைப்படைப்பாளர் ஹுலியன் கரிய்யோ, முழுச்சுரத்தின் பதினாறில் ஒரு பங்கினை 1895இலேயே வயலின் தந்தியில் கண்டறிந்ததாகப் பின்னாளில் எழுதினார். அவ்வாண்டைச் சிலர் ஏற்கின்றனர், சிலர் ஐயத்துடன் நோக்குகின்றனர். சுரப்பெயர்களும் ஐந்து கோடுகளும் பழைய சுரங்களையே நினைவூட்டும் என்று கருதிய அவர், ஸ்தாயியின் 96 பகுப்புகளுக்கும் 0 முதல் 95 வரை எண்களை வழங்கிப் பயிற்றுவித்தார்.

இக்கல்வி முதன்முதலாக ஓர் இசைப் பள்ளியின் பாடத்திட்டத்தில் நிலையான இடம் பெற்றது பிராக் நகரிலாகும். மொராவியாவின் விசோவிட்சே ஊரில் 1893இல் பிறந்த அலாயிஸ் ஹாபா, பிராக், வியன்னா, பெர்லின் ஆகிய நகரங்களில் பயின்று, கால்சுரங்களால் அமைந்த தம் இரண்டாம் நால்தந்திக் குழு இசையை 1920இல் இயற்றிய பின், பிராக் இசைப் பள்ளியில் கால்சுர வகுப்பைத் தொடங்கினார். தொடங்கிய ஆண்டு 1923 என்றும் 1924 என்றும் இருவாறாகக் கூறப்படுகிறது. தனித்துறை என்னும் தகுதி 1934இல் கிட்டியது. 1927இல் லைப்சிக்கில் வெளியான அவருடைய ‘புதிய இசைவியல்’ என்னும் ஜெர்மன் நூல், பழக்கமான சுரவரிசையில் தொடங்கி, கால், மூன்றிலொன்று, ஆறிலொன்று, பன்னிரண்டிலொன்று என்னும் சுரப்பகுப்புகளுக்குப் படிப்படியாகச் செல்கிறது. எந்தச் சுரமும் எந்தச் சுரத்தோடும், எந்தச் சுரக்கூட்டும் எந்தச் சுரக்கூட்டோடும் இணையலாம் என்பதே அதன் அடிப்படைக் கொள்கை.

ஹாபாவின் வகுப்பை நிலைநிறுத்தியதில் கொள்கைக்கு இணையான பங்கு கருவிகளுக்கும் உண்டு. ஔகுஸ்ட் ஃபோர்ஸ்டர் பியானோ நிறுவனம் 1924இல் செய்தளித்த கால்சுரப் பியானோவில் மூன்று கட்டைவரிசைகள் உள்ளன. அவற்றுள் ஒன்று மற்றொன்றினும் கால்சுரம் உயர்ந்து ஒலிக்க, மூன்றாவது வரிசை முதலாவதன் சுரங்களையே மீளத் தருகிறது. சுரம் எதையும் கூட்டாத அவ்வரிசை, பழகிய விரல்கள் வரிசை மாறுவதை எளிதாக்குவதற்கென்றே வைக்கப்பட்டதாகும். தேர்ந்த பியானோக் கலைஞரின் இடர்ப்பாட்டை இத்துணை நுட்பமாக உணர்ந்து செய்த கருவி வேறொன்றைக் காட்டுவது அரிது. அதனைத் தொடர்ந்து கால்சுரக் கிளாரினெட்டும் ட்ரம்பெட்டும் செய்யப்பட்டன. ஹாபாவின் ‘தாய்’ என்னும் கால்சுர இசைநாடகம் 1931 மே 17 அன்று மியூனிக்கில் ஹெர்மன் ஷெர்ஷன் நடத்த அரங்கேறியது. அதன் ஒத்திகைப் பணியில் துணைநின்ற மாணவர் காரெல் ஆன்செர்ல், பின்னாளில் புகழ்பெற்ற இசைக்குழு நடத்துநரானார். லிதுவேனியாவின் காசின்ஸ்காஸ், துருக்கியின் அக்செஸ், ஸ்லொவேனியாவின் ஓஸ்டெர்ட்ஸ் எனப் பல நாட்டவரும் ஹாபாவிடம் பயின்றனர். முன்னரே பெயர் பெற்ற இசைப்படைப்பாளரான விக்டர் உல்மன், முப்பது வயதைக் கடந்தபின் மாணவராகச் சேர்ந்து, கால்சுரக் கிளாரினெட்டுக்கு ஒரு சொனாட்டா இயற்றினார். அவர் 1944இல் ஆஷ்விட்சில் கொல்லப்பட்டார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் மீண்ட வகுப்பு, 1950ஐ ஒட்டி அரசியல் சூழலால் முடிவுக்கு வந்தது. தம் சிறுவயதில் கேட்ட நாட்டார் பாடலே தம் செவியைப் பண்படுத்தியது என்று ஹாபா கூறிவந்தார். அப்பாடல்களின் நெகிழ்ந்த சுரங்களும் அவருடைய சமப் பகுப்பும் எவ்வளவு பொருந்தும் என்பதில் ஆய்வாளரிடையே ஒருமித்த கருத்து இல்லை.

கால்சுரங்களைத் தரும் இந்த 24 சமப் பகுப்பு வேறிடங்களிலும் விவாதத்துக்குள்ளானது. தஞ்சாவூர் இசையாய்வாளர் ஆபிரகாம் பண்டிதர், ஸ்தாயியில் 22 சுருதிகள் உண்டு என்னும் கொள்கையை மறுத்து, 24 சம சுருதிகளை 1916 பரோடா இசை மாநாட்டிலும் 1917இல் வெளியான கருணாமிர்த சாகரம் என்னும் தம் நூலிலும் வலியுறுத்தினார். ஹாபா கலந்துகொண்ட 1932 கெய்ரோ இசை மாநாட்டில் அரபு இசையைப் பற்றி இதே வினா எழுந்து, முடிவின்றி நின்றது.

இசைப்படைப்பாளர் இவான் விஷ்னெகிராட்ஸ்கி 1932இல் பாரிஸில் கால்சுர இசைவுக் கையேடு ஒன்றை வெளியிட்டார். கால்சுர இடைவெளியில் சுருதி சேர்த்த இரு பியானோக்களுக்கு அவர் பல படைப்புகளை எழுதினார். இம்முறையில் வாசிப்பவர் புதிய விரலமைப்பைக் கற்க வேண்டியதில்லை. இயற்பியலாளர் ஃபோக்கர் வடிவமைத்த 31 சுர ஆர்கன் 1950இல் நெதர்லாந்தின் ஹார்லெம் நகரில் நிறுவப்பட்டது.

போருக்குப் பிந்தைய வகுப்புகளுள் பாஸ்டனின் நியூ இங்கிலாந்து இசைப் பள்ளியில் ஜோ மனேரி நடத்தியது குறிப்பிடத்தக்கது. ஸ்தாயியை 72 பகுதிகளாக, அதாவது அரைச்சுரத்தை ஆறு கூறுகளாகப் பகுக்கும் அம்முறையில் ஒரு கூறு ஏறத்தாழ 16.7 சென்ட் ஆகும். அவரும் ஸ்காட் வான் டைனும் எழுதிய பயிற்சிநூல் 1986இல் வெளிவந்தது. இருபத்தொன்றாம் நூற்றாண்டில் கணினிக் கருவிகள் எந்தப் பகுப்பையும் உடனே ஒலிக்கச் செய்கின்றன; ஆயினும் ஒலியைக் கேட்பது வேறு, உதவியின்றிப் பாடுவது வேறு. மனேரியின் வழியில் வந்த ஜூலியா வெர்ன்ட்ஸ், 72 பகுப்புக்குரிய செவிப்பயிற்சியையும் இசையமைப்பையும் சேர்த்துக் கற்பிக்கும் பாடநூலை 2014இல் வெளியிட்டார்.