மேடு பள்ளச் சாலை, மலையேற்றம்... ரெண்டுக்கும் ஒரே ரோட் பைக் போதுமா? வாங்கும் முன் பார்க்க வேண்டியது என்ன?

கரையான்சாவடியைச் சுற்றி மலை கிடையாது. ஆனால் டிரங்க் ரோட்டைத் தாண்டி உள் சாலைகளில் இறங்கினால் பள்ளம், ஜல்லி, மழையில் பெயர்ந்த தார். அதே பெங்களூரு நெடுஞ்சாலையில் தொடர்ந்து போய் வாணியம்பாடியைத் தாண்டினால், 14 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏலகிரி. இந்த ரெண்டுக்கும் ஒரே சைக்கிள் வேணும்னா எதைப் பார்த்து வாங்குவது?

பலரும் முதலில் பார்ப்பது எடை. ஆனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: பின்னாடி மாற்ற முடியாதது எது?

டயர் இடைவெளி

டயர், சீட், கியர் எல்லாம் பிறகு மாற்றலாம். ஃபிரேமிலும் ஃபோர்க்கிலும் டயருக்கு விட்டிருக்கும் இடத்தை மாற்ற முடியாது. ரிம் பிரேக் உள்ள பல ரோட் பைக்குகளில் 28 எம்எம் டயருக்கு மேல் நுழையாது. டிஸ்க் பிரேக் மாடல்களில் பெரும்பாலும் 32 எம்எம் வரை போடலாம், சிலவற்றில் அதற்கு மேலும் இடம் உண்டு. 32 எம்எம் டயரை மாட்டிப் பார்த்து, இரு பக்கமும் ஒரு பென்சில் நுழையுதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

அகல டயர் எதுக்கு?

அகலம் கூடினால் காற்றைக் குறைத்து ஓட்டலாம். அதிர்வு குறையும், பிடிப்பு கூடும். மெல்லிய டயரில் காற்றைக் குறைத்தால், பள்ளத்தில் விழும்போது டியூப் ரிம்மில் நசுங்கி பஞ்சர் ஆகும்.

கியர் கணக்கு

முன்னால் 39 பல், பின்னால் 25 பல் என்றால் ஒரு பெடல் சுற்றுக்குச் சைக்கிள் சுமார் 3.3 மீட்டர் போகும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதிக்க, மணிக்கு 12 கி.மீ. வேகம் வேண்டும். செங்குத்தான ஏற்றத்தில் புதியவர்களுக்கு அது கஷ்டம், முட்டிக்குத்தான் பாரம். முன்னால் 34, பின்னாலும் 34 என்றால் ஒரு சுற்றுக்கு சுமார் 2.1 மீட்டர். அதே 60 சுற்றுக்கு 8 கி.மீ. வேகமே போதும்.

பின்னால் பெரிய கேசட் போடும் முன், டிரெயிலர் அதைத் தாங்குமா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

பிரேக்கும் வால்வும்

ஏறினால் இறங்கணும். மழையில் ரிம் நனைந்தால் ரிம் பிரேக் பிடிக்கத் தாமதமாகும், டிஸ்க்கில் அந்தப் பிரச்சினை குறைவு.

ரோட் பைக்கில் பெரும்பாலும் இருப்பது ஒல்லியான பிரெஸ்டா வால்வு. ரோட்டோர பஞ்சர் கடை காற்றுக் குழாய் அதில் பொருந்தாது. சின்ன அடாப்டர், ஒரு ஸ்பேர் டியூப், கைப் பம்ப் ஆகியவை பையில் இருக்கட்டும்.

பட்ஜெட் குறைவா? ஒரு கிலோ எடை குறைந்த ஃபிரேமுக்குக் கூடுதல் பணம் தருவதைவிட, அகல டயருக்கு இடமும் 34 பல் கியரும் உள்ள சாதாரண ஃபிரேமே இந்தச் சாலைகளில் கைகொடுக்கும்.