கிறிஸ்துமஸ் ஒயினை ஆண்டுக்கணக்கில் சேமிக்க முடியுமா?

திருவனந்தபுரம்: கேரளக் கிறிஸ்தவ இல்லங்களில் கருந்திராட்சை, சர்க்கரை, ஈஸ்ட், கிராம்பு, பட்டை சேர்த்துப் பீங்கான் ஜாடியில் கிறிஸ்துமஸ் ஒயின் நொதிக்க வைப்பது நெடுங்கால வழக்கம். உரிமமின்றி இவ்வாறு தயாரிப்பது அப்காரி சட்டப்படி குற்றம் என்று மாநில கலால் துறை 2019 டிசம்பரில் எச்சரித்தது. நாள்பட வைத்தால் இதன் சுவை கூடும் என்ற நம்பிக்கையும் பலரிடம் உண்டு. பெரும்பாலும் அது பலிப்பதில்லை.

சிவப்பு ஒயினின் ஆயுளை மதிப்பிடுவோர் முதலில் கவனிப்பது, ஈறையும் நாவையும் இறுக்கும் துவர்ப்பை. திராட்சையின் தோலிலும் விதையிலும் உள்ள டானின் இதைத் தருகிறது. அதற்கு ஈடான புளிப்பும் பழச்சுவையின் அடர்த்தியும் இருக்க வேண்டும். பிரான்ஸின் போர்டோ பகுதியில் விளையும் கேபர்னே சாவிக்னான் திராட்சையின் சிறந்த ஒயின்கள், தொடக்கத்தில் கடுமையாக இருந்து பத்தாண்டுகளுக்குப் பின் மென்மை பெறுவது இதனால்தான். துவர்ப்பு மிகுந்து பழச்சுவை மெலிந்த ஒயின் எத்தனை ஆண்டு காத்தாலும் தேறாது.

கேரளச் சந்தைகளுக்கு வரும் தேனி மாவட்டக் கம்பம் பன்னீர் திராட்சை, 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. 'மஸ்கட் ஹாம்பர்க்' வகையைச் சேர்ந்த இதில் மணம் மிகுதி, டானின் குறைவு. இதன் ஒயின் புதிதாக அருந்தவே ஏற்றது.

தட்பவெப்பமும் துணை நிற்பதில்லை. ஒயினைச் சேமிக்க ஏறத்தாழ 12 முதல் 14 டிகிரி செல்சியஸ் தேவை. திருவனந்தபுரத்தில் டிசம்பர் இரவிலும் வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. ஜாடிக்குள் காற்று புகுந்தால் ஒயின் வினிகராகத் திரியும்.

சேமித்த ஒயினைச் சோதிக்க, கண்ணாடிக் குவளையை வெள்ளைத் தாளின் மேல் சாய்த்துப் பார்க்கலாம். விளிம்பு செங்கல் நிறமானால் முதிர்ச்சி. முழுவதும் பழுப்பாகிப் பழமணமும் மறைந்திருந்தால், அதன் காலம் கடந்துவிட்டது.