சப்பிரகமுவையின் ஆற்றுவழிகள்

ஆறு நிலத்துக்கு நீர் தருவதோடு அமையாது, மக்களுக்கு வழியும் தந்தது. செவ்விய பாதைகள் தோன்றாத காலத்தில், காடும் மலையும் செறிந்த சப்பிரகமுவையைக் கடற்கரையோடு பிணைத்தவை களு கங்கையும் களனி கங்கையுமாம். இன்று விடுமுறை நாட்களில் மக்கள் இவ்வாறுகளை நாடிச் சென்று துடுப்பேந்தி மகிழ்வதைப் புதிய நாகரிகம் என்பர் சிலர். வரலாற்றை நோக்குவார்க்கு அது பழைய வழியின் புதிய பயனே என்பது புலனாகும்.

இவ்விரு கங்கைகளும் சிவனொளிபாதமலையைச் சூழ்ந்த மலைநாட்டில் தோன்றுவன. களு கங்கை ஏறத்தாழ 129 கிலோமீற்றர் ஓடிக் களுத்துறையிற் கடலை அடைகின்றது. இரத்தினபுரிக்கும் களுத்துறைக்கும் இடையே அடி தட்டையான படகுகள் இயங்கின. கோடையில் நீர் குறையும்பொழுது மணலில் தட்டாது மிதத்தற்கு அவ்வடிவமே ஏற்றது. கீழ்நோக்கிச் செல்லுங்கால் நீரோட்டமே படகைக் கொண்டு சென்றது. மேல்நோக்கி வருங்கால் கழியூன்றித் தள்ளுதல் வேண்டும். பாக்கும் பிற விளைபொருள்களும் இறங்கின. உப்பும் துணியும் ஏறின.

பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்கள் பெருகியபொழுது, ஆற்றுப் படகுகள் கோப்பி மூட்டைகளையும் சுமந்தன. 1869 ஆம் ஆண்டு முதற் பரவிய இலைநோய் கோப்பியை அழித்தது. தேயிலையும் இறப்பரும் அதன் இடத்தைப் பெற்றன. குறுகிய இருப்புப்பாதை 1902 இல் அவிசாவளையையும், 1912 இல் இரத்தினபுரியையும் எட்டவே, படகுத் தொழில் தேய்ந்தது. காலத்தின் கோலத்தை என்னென்பது! படகை வென்ற அப்புகையிரதமும் அவிசாவளைக்கு அப்பால் 1976 இல் நிறுத்தப்பட்டது.

வணிகத்துக்குப் பயன்பட்ட நீர்வழி பின்னர் இன்பத்துக்குப் பயன்படுதல் பிற நாடுகளிலும் நிகழ்ந்ததே. கனடாவில் மென்மயிர்த் தோல் வணிகர் மரப்பட்டைத் தோணிகளிற் கடந்த ஏரிகளில் இன்று உல்லாசப் பயணிகள் துடுப்பு வலிக்கின்றனர். ஐரோப்பிய ஆறுகளிற் சிறுதோணியிற் சென்ற யோன் மக்கிரெகர் 1866 இல் வெளியிட்ட பயணநூல் இவ்விளையாட்டைப் பலரும் விரும்பச் செய்தது. நமக்கும் இது அயலானதன்று. வையையின் புனல் விளையாட்டைப் பரிபாடல் பேசுகின்றது.

கேகாலை மாவட்டத்துக் கித்துல்கலையில், 1957 இல் வெளிவந்த 'குவாய் நதிப் பாலம்' என்னும் ஆங்கிலத் திரைப்படம் எடுக்கப்பட்டது. அங்கே களனி கங்கையின் பாறைச் சுழல்களைக் காற்றடைத்த தெப்பங்களிற் கடப்போர் இன்று பலர். மேற்புறத்து மின்நிலையங்கள் விடுக்கும் நீரின் அளவே அப்பயணத்தின் வேகத்தை வகுக்கின்றது.

ஈண்டு ஒன்று சிந்திக்கற்பாலது. அன்று படகுகளை நிரப்பிய கோப்பி, தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளரின் வியர்வையில் விளைந்தது. எனினும் ஆற்றுப் பயணக் கதைகளிற் பயணிகளும் துரைமாருமே இடம்பெறுகின்றனர். மூட்டை சுமந்தாரைக் காணோம். அவர்தம் வழித்தோன்றல்கள் இன்றும் இம்மலைச்சரிவுகளில் வாழ்கின்றனர். 2003, 2017 ஆம் ஆண்டுகளின் வைகாசி வெள்ளமும் மண்சரிவும் இரத்தினபுரிப் பகுதியில் உயிர்களைக் கொள்ளை கொண்டன. ஆகவே தோட்டத்துப் பெற்றோர்க்கு ஆறு அஞ்சத்தக்கது. 'ஆற்றுப்பக்கம் போகாதே' என்பதே பிள்ளைகள் முதலிற் கற்கும் பாடம். தொலைவிலிருந்து வருவோர் தெப்பமேறி மகிழ, கரையிற் பிறந்த சிறுவன் பாலத்தின்மேல் நின்று பார்க்கின்றான்.

அவ்வச்சம் நியாயமானதே. ஆயினும் அறியாமை அதற்கு மருந்தாகாது. நீந்தப் பயிற்றுதலும், நீரின் குறிப்பறிந்த ஊராரின் துணையோடு ஒருநாட் பயணம் அழைத்துச் செல்லுதலும், அக்கரைகளிலேயே ஆற்றின் வரலாற்றைக் கற்பித்தலும் நம் பாடசாலைகளின் கடனாகும். தம் முன்னோரின் உழைப்பைக் கடலுக்குக் கொண்டுசென்ற வழி இதுவென்று உணரும் பிள்ளைகள், கரையில் நின்று பார்ப்போராக மட்டும் இரார். ஆற்றுக்கு உரியோராய் விளங்குவர்.