தொட்டுக்க ஒரு சாஸ்: எங்கள் குழு வளர்ந்த கதை

1989-ல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுக்கள் பிறகு எங்க ஊருக்கும் வந்தன. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் முடிஞ்சு வர்ற பிள்ளைகளுக்காகச் சிக்கன் 65 போட ஆரம்பித்தோம். அது சென்னை புகாரி ஓட்டலில் 1965-ல் பிறந்தது என்பார்கள். தொட்டுக்க பாக்கெட் சாஸ் வாங்கினோம். லாபமெல்லாம் அதிலேயே போச்சு.

"புளியும் வெல்லமும் வீட்லயே இருக்கே, பச்சடி மாதிரி காய்ச்சேன்" என்றார் என் மாமியார். புளியை அரபியர் 'இந்தியப் பேரீச்சை' என்றே அழைத்தார்கள். மிளகாய்தான் போர்த்துக்கீசியர் கொண்டுவந்தது.

ஒரு பங்கு புளிக்கு இரண்டு பங்கு வெல்லம். கூடவே வரமிளகாய், பூண்டு, சீரகம், உப்பு. கரண்டியில் ஒட்டும்வரை காய்ச்ச வேண்டும்.

முதல் தடவை அவசரப்பட்டுத் தண்ணியாகவே இறக்கி, ஈரம் காயாத பாட்டிலில் ஊற்றிட்டேன். மூணாம் நாள் நுரைச்சு மூடி தெறிச்சது. இருபது பாட்டிலும் குப்பைக்குப் போச்சு. அந்த மாதத் தவணையில் என் பங்கை மற்ற பதினோரு பேரும் போட்டுக் கட்டினாங்க. ஒருத்தரும் ஒரு சொல் சொல்லலை.

இப்போது பாட்டிலைக் கொதிநீரில் போட்டு, வெயிலில் காயவைத்த பிறகுதான் ஊற்றுகிறேன். கடனும் அடைந்துவிட்டது. தீர்மானப் புத்தகத்தில் அன்றைக்கு 'தவணை செலுத்தப்பட்டது' என்று ஒரே வரிதான். யார் கட்டினார்கள் என்பது அதில் இல்லை. அதை இந்த மலரிலாவது எழுதிவைக்கிறேன்.