நிதிப் பங்கீடும் நிலவுரிமையும்: கனடியச் சமஷ்டியின் வரலாறும் மட்டக்களப்பின் அனுபவமும்

மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையிற் சத்துருக்கொண்டானைத் தாண்டியதும் வருவது தன்னாமுனை. மேற்கே வாவி, வாவிக்கு அப்பாற் படுவான்கரை வயல்கள். அரசாங்கப் பணம் எவ்வெவ் வழிகளால் இச்சிற்றூரை வந்தடைகின்றது என எண்ணிப் பார்ப்பது அரசறிவியல் மாணவனுக்கு நல்லதொரு பயிற்சியாகும். நெடுஞ்சாலை மத்திய அரசின் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியது. அதிலிருந்து வாவிக்கரைக்கு இறங்கும் ஒழுங்கைகள் பிரதேச சபையின் பொறுப்பிலுள்ளன. மாகாணப் பாடசாலை ஆசிரியரின் வேதனம் மாகாண சபையின் கணக்கினூடாக வருகின்றது. ஆயினும் அக்கணக்கிற்குப் பணம் வருவது கொழும்புத் திறைசேரியிலிருந்தேயாம். வாய்க்கால்கள் பலவாயினும் ஊற்று ஒன்றே. அந்த ஊற்றின் மடையைத் திறப்பவர் யார், எந்த விதிப்படி திறக்கின்றார் என்பதே இக்கட்டுரை ஆராய முற்படும் வினா.

இவ்வினாவுக்குக் கனடாவின் வரலாற்றை ஒப்புநோக்கக் காரணம் உண்டு. எமது நாட்டில் ‘சமஷ்டி’ என்னும் சொல் பெரிதும் மொழியுரிமையோடும் இனவுரிமையோடும் இணைத்தே பேசப்பட்டு வந்துள்ளது. அதன் பொருளாதார உள்ளடக்கம் பற்றி மேடைகளிற் பேசப்பட்டது குறைவு. கனடாவிலோ சமஷ்டியின் வரலாறு என்பது பாதிக்கு மேல் நிதி பற்றிய சச்சரவின் வரலாறே.

1867இற் கனடா உருவானபோது மாகாணங்களுக்கு நேர்வரி விதிக்கும் உரிமை மட்டுமே வழங்கப்பட்டது. அக்காலத்தின் முதன்மை வருவாயான சுங்கத் தீர்வையை மத்திய அரசு எடுத்துக்கொண்டது. அதற்கு ஈடாக, 1861ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கின்படி தலைக்கு 80 சதம் வீதம் மாகாணங்களுக்கு ஆண்டு மானியம் வழங்க அரசியலமைப்புச் சட்டம் வகைசெய்தது. இத்தொகை போதாதென்பது முதலாண்டிலேயே வெளிப்பட்டது. கிழக்குக் கரையிலுள்ள நோவா ஸ்கோஷியா மாகாணம் மீன்பிடியாலும் கப்பல் கட்டும் தொழிலாலும் கடல் வாணிபத்தாலும் வாழ்ந்தது. தமது சம்மதமின்றியே தாம் சமஷ்டியில் இணைக்கப்பட்டதாக அம்மாகாண மக்கள் கருதினர். 1867ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் அங்கிருந்த 19 ஆசனங்களுள் 18ஐச் சமஷ்டி எதிர்ப்பாளர் கைப்பற்றினர். அவர்களின் தலைவர் ஜோசெப் ஹோ என்பார் இலண்டன் வரை சென்று பிரிந்துபோக அனுமதி கேட்டார். அது மறுக்கப்பட்டது. பின்னர் அவர் பிரதமர் மக்டொனால்டுடன் பேசி, பத்தாண்டுகளுக்கு மேலதிக மானியம் பெற்று, 1869 சனவரியில் மத்திய அமைச்சரவையிற் சேர்ந்தார். நேற்றுவரை அவருக்கு மாலை சூட்டியோரிற் பலர் அவரைத் துரோகி என்றனர்.

மட்டக்களப்பு வாசகர் இவ்விடத்திற் புன்முறுவல் பூப்பர் என்பதை அறிவோம். 1978 நவம்பர் 23ஆந் திகதி வீசிய சூறாவளி மட்டக்களப்பு மாவட்டத்தைச் சிதைத்தது. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர், தென்னந்தோட்டங்கள் வேரோடு சாய்ந்தன. மறுவருடம், 1956 முதல் மட்டக்களப்புத் தொகுதியின் பிரதிநிதியாகவும் தமிழரசுக் கட்சியின் முன்னணிப் பேச்சாளராகவும் விளங்கிய செ. இராசதுரை அவர்கள், தமிழர் விடுதலைக் கூட்டணியை விட்டு ஆளுங்கட்சியிற் சேர்ந்து பிரதேச அபிவிருத்தி அமைச்சரானார். கட்சிக்குள் நிலவிய பிணக்குகள் இதற்குக் காரணமாயின என்பது உண்மையே. எனினும், எதிரணியிலிருந்து எதைப் பெறலாம் என்னும் வினா கிழக்கிலங்கை அரசியலில் எப்பொழுதும் உயிர்ப்புடன் இருந்து வந்துள்ளது. அவ்வினாவைக் கேட்பவரை வசைபாடுவது எளிது; விடை கூறுவது கடினம்.

இவ்விருவருக்குமிடையே ஒரு வேறுபாடு உண்டு. அதுவே வரலாற்று மாணவன் கவனிக்க வேண்டியது. ஹோ பெற்ற மானியம் அவர் பெயருக்கு எழுதப்பட்டதன்று. அது நோவா ஸ்கோஷியா மாகாண அரசின் கருவூலத்திற்குச் சென்றது. அவர் பதவியிழந்தாலும் மானியம் நின்றிராது. இங்கோ அமைச்சுப் பதவி ஒரு மனிதரைச் சார்ந்தது. அவருக்குப் பின்னால் அப்பணத்தை உரிமையோடு ஏற்று வைத்திருக்க மாகாணம் என்றொரு நிறுவனம் அன்று இருக்கவில்லை.

இந்நிலை திடீரென உண்டானதன்று. 1974இல் அறிமுகமான பன்முகப்படுத்தப்பட்ட வரவுசெலவுத் திட்டமும், அதற்குச் சற்று முன்னர் ஏற்படுத்தப்பட்ட மாவட்ட அரசியல் அதிகாரி என்னும் பதவியும் இதன் முன்னோடிகளாம். கச்சேரியில் அரசாங்க அதிபர் தீர்மானித்த சிறு வேலைகளை இனி ஆளுங்கட்சிப் பாராளுமன்ற உறுப்பினர் தீர்மானிக்கலாயினர். 1977இன் பின் வந்த அரசாங்கம் இதனைத் தொகுதிக்கு ஆண்டொன்றுக்கு 25 இலட்சம் ரூபா என வரையறுத்தது. மேலோட்டமாக நோக்கின் இது சமத்துவமாகத் தோன்றும். செல்வமுள்ள தொகுதிக்கும் 25 இலட்சம், சூறாவளி சாய்த்த தொகுதிக்கும் 25 இலட்சம். ஏற்றத்தாழ்வுள்ளோருக்குச் சமமாகப் பங்கிடுதல் ஏற்றத்தாழ்வை அப்படியே காத்து வைப்பதாகும். அன்றியும், மதகும் வாசிகசாலையும் எழுப்பப் போதுமான இத்தொகை, ஒரு மாவட்டத்தின் பொருளாதாரத்தை மாற்றப் போதுமானதன்று. மாற்றவல்ல பெருந்தொகைகள் வேறு வழியாற் சென்றன.

அவ்வேறு வழியைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறவேண்டும். 1949இற் கல்லோயா அபிவிருத்திச் சபை சட்டத்தினால் நிறுவப்பட்டது. எமது முன்னோர் பட்டிப்பளை ஆறு என வழங்கிய அவ்வாற்றை இங்கினியாகலையில் அமெரிக்கக் கம்பனியொன்று அணையிட்டு மறித்தது. சுதந்திர இலங்கையின் முதலாவது பெருந்திட்டம் இதுவே. மட்டக்களப்பு மாவட்டத்தின் நிலத்தில், மட்டக்களப்பின் கச்சேரிக்குக் கட்டுப்படாத ஓர் அதிகாரம் இவ்வாறு எழுந்தது. குடியேற்றக் கிராமங்களின் மேற்பகுதிகளிற் பிறமாவட்டங்களிலிருந்து வந்த சிங்கள விவசாயிகள் பெரும்பான்மையாக அமர்த்தப்பட்டனர். வாய்க்காலின் கடைக்கோடியிலிருந்த தமிழ் விவசாயிக்குத் தண்ணீர் வந்து சேர்வது பல்லாண்டுகளாகப் பெரும் பிரச்சினையாயிற்று. 1956இற் கல்லோயாவில் இனக்கலவரம் மூண்டது. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டது. முதலீடு நிலத்தை மாற்றியது. நிலம் குடித்தொகையை மாற்றியது. குடித்தொகை மாவட்ட எல்லையையும் தொகுதி எல்லையையும் மாற்றியது. நிதி ஒதுக்கீடு அரசியல் அதிகாரமாக உருமாறும் முறையை விளக்க இதனினும் தெளிவான உதாரணம் வேறில்லை.

மாறான உதாரணமும் உண்டு என்பதை நேர்மையோடு கூறவேண்டும். 1950களில் வாழைச்சேனையில் நிறுவப்பட்ட காகித ஆலை மத்திய அரசின் முதலீடே. அது இப்பகுதியின் வைக்கோலை மூலப்பொருளாக்கியது. தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் தொழில் தந்தது. அதன் தொடக்கத்தோடு அன்றைய கைத்தொழில் அமைச்சர் ஜி. ஜி. பொன்னம்பலம் அவர்களின் பெயர் இணைத்துப் பேசப்படுவது வழக்கம். அமைச்சரவையிற் சேர்ந்ததற்காக அவரைக் கடிந்தோர்கூட ஆலையைக் கடிந்தாரில்லை.

கனடாவுக்கு மீள்வோம். மேற்கிலே மனிற்றோபா 1870இலும், அல்பேர்ட்டாவும் சஸ்கச்சுவானும் 1905இலும் மாகாணங்களாயின. கிழக்கிலுள்ள மாகாணங்களைப் போலன்றி, இவற்றின் அரசநிலமும் இயற்கை வளமும் மத்திய அரசிடமே வைத்துக்கொள்ளப்பட்டன. புகையிரதப் பாதை அமைக்கவும் குடியேற்றவாசிகளை அமர்த்தவும் நாட்டு நலன் கருதி நிலம் தேவையென்பதே கூறப்பட்ட காரணம். அந்நிலங்களில் ஏலவே வாழ்ந்த மெற்றிஸ் மக்கள் லூயி ரியெல் தலைமையில் 1869இலும் 1885இலும் கிளர்ந்தெழுந்தமை இதனோடு தொடர்புடையதே. ரியெல் தூக்கிலிடப்பட்டார். நிலமும் வளமும் மாகாணங்களிடம் ஒப்படைக்கப்பட்டது 1930இலேயாம். பதினேழு ஆண்டுகள் கழித்து, 1947இல், அல்பேர்ட்டாவின் லெடுக் என்னுமிடத்திற் பெரும் எண்ணெய்வளம் கண்டுபிடிக்கப்பட்டது. 1930இன் உடன்படிக்கை இல்லாதிருந்தால் அவ்வளத்தின் உரிமைப்பங்கு ஒட்டாவாவுக்குப் போயிருக்கும். வறிய மாகாணமாயிருந்த அல்பேர்ட்டாவைச் செல்வ மாகாணமாக்கியது மானியமன்று, நிலவுரிமையே.

வளமற்ற மாகாணங்களின் நிலை என்ன? 1930களின் பொருளாதார மந்தம் அவற்றைக் கடனில் மூழ்கடித்தது. 1937இல் அமைக்கப்பட்ட றொவெல் - சிறுவா ஆணைக்குழு, 1940இல் தனது அறிக்கையிற் குறைந்த வருவாயுள்ள மாகாணங்களுக்குத் தேசியச் சரிக்கட்டு மானியம் வழங்க விதந்துரைத்தது. 1957இற் சமன்படுத்தல் முறை நடைமுறைக்கு வந்தது. அதன் உட்கருத்து எளிது. சராசரி வரிவீதத்தில் ஒவ்வொரு மாகாணமும் தலைக்கு எவ்வளவு வருவாய் திரட்டவல்லது எனக் கணிப்பர். நியமமாக வகுக்கப்பட்ட அளவிற்குக் குறைந்து நிற்கும் மாகாணத்திற்குக் குறைவை மத்திய அரசு நிரப்பும். பணத்தை எவ்வாறு செலவிடுவது என்பது மாகாணத்தின் விருப்பம். 1982ஆம் ஆண்டு அரசியலமைப்புச் சட்டத்தின் 36ஆம் பிரிவு இதனை நாட்டின் கடப்பாடாகவே பொறித்தது.

நிபந்தனையற்ற பணத்தின் அருமையைக் கியூபெக் நன்குணர்ந்திருந்தது. 1951இல் மத்திய அரசு பல்கலைக்கழகங்களுக்கு நேரடி மானியம் வழங்க முன்வந்தபோது, கல்வி மாகாணத்திற்குரியது என வாதிட்ட முதல்வர் டூப்ளெசி, ஓராண்டின் பின் அதனை ஏற்க மறுத்தார். பணம் வேண்டாமென்ற பல்கலைக்கழகங்களைக் கற்பனை செய்வது எமக்குச் சற்றுக் கடினமே!

இம்முறையைப் பொற்காலமாகக் காட்டுவது எமது நோக்கமன்று. 1980இல் ரூடோ அரசாங்கம் தேசிய எரிபொருட் திட்டத்தைப் புகுத்தியபோது, அல்பேர்ட்டாவில் அக்கட்சிக்கு ஓர் ஆசனமேனும் இருக்கவில்லை. ஆசனமில்லாத இடத்தின் வளத்தில் மத்தி கைவைக்கிறதென்ற கசப்பு அங்கு இன்றும் அரசியற் சரக்காகவுள்ளது. 2021இல் நடைபெற்ற சர்வசன வாக்கெடுப்பில், வாக்களித்த அல்பேர்ட்டா மக்களில் ஏறத்தாழ 62 வீதத்தினர் சமன்படுத்தலை அரசியலமைப்பிலிருந்து நீக்கக் கோரினர். எனினும் ஒன்று குறிப்பிடத்தக்கது: அவர்கள் எதிர்ப்பதற்கு எழுதப்பட்ட விதியொன்று அங்குண்டு.

சமன்படுத்தலின் பயனைத் தொடர்ந்து பெற்றுவரும் மாகாணங்களுள் நியூ பிரன்ஸ்விக் ஒன்று. பேராதனையில் அரசறிவியற் பேராசிரியராயிருந்த ஏ. ஜே. வில்சன் அவர்கள் 1972 முதல் அம்மாகாணப் பல்கலைக்கழகத்திலேயே கற்பித்தார். மாவட்ட அபிவிருத்திச் சபைகள் பற்றி ஆராய்ந்த ஜனாதிபதி ஆணைக்குழுவில் அவர் கலாநிதி நீலன் திருச்செல்வம் அவர்களுடன் அங்கம் வகித்தார். 1980ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தினால் வந்த அச்சபைகளுக்குப் போதிய நிதியும் வழங்கப்படவில்லை, அதிகாரமும் வழங்கப்படவில்லை. அவை பற்றி அதிகம் கூற எதுவுமில்லை.

1987இன் பதின்மூன்றாம் திருத்தத்தின் நிதி ஏற்பாடுகளை வாசிப்பவர் ஒருகணம் கனடாவை நினைப்பர். மத்திய வங்கி ஆளுநர், திறைசேரிச் செயலாளர், மூவினங்களையும் பிரதிநிதித்துவப்படுத்தும் மூவர் எனும் ஐவர் கொண்ட நிதி ஆணைக்குழு. பங்கீட்டில் மாகாணத்தின் குடித்தொகையும் தலா வருமானமும் கருத்திற் கொள்ளப்படவேண்டும். மாகாணங்களுக்கிடையிலான ஏற்றத்தாழ்வு படிப்படியாகக் குறைக்கப்படவேண்டும். கோட்பாடு செம்மையானதே. ஆயினும் ஆணைக்குழு விதந்துரைக்கும், திறைசேரி தீர்மானிக்கும். வரும் தொகையிற் பெரும்பங்கு வேதனத்திற்கே போய்விடும். மாகாணங்களுக்கெனத் தனியாயிருந்த புரள்வு வரியும் 2011இல் நீக்கப்பட்டு, மத்திய அரசு அறவிடும் தேசக் கட்டுமான வரியின் மூன்றிலொரு பங்கு ஈடாக வழங்கப்பட்டது. 2019 முடிவில் அவ்வரியே ஒழிக்கப்பட்டது. கிழக்கில் நிலைமை இன்னும் மோசம். 1990இல் வடகிழக்கு மாகாண சபை கலைக்கப்பட்டபின், 2008 மே வரை தெரிவுசெய்யப்பட்ட சபை இருக்கவில்லை. 2017 செப்டெம்பரில் கிழக்கு மாகாண சபையின் காலம் முடிந்தபின், பல்லாண்டுகளாக அதன் நிதி ஆளுநரின் கையொப்பத்திலேயே செலவாகி வந்தது.

நிலத்தைப் பொறுத்தவரை அரசநிலம் குடியரசுக்கே உரியதாயிருந்தது. மாகாணங்களுக்கிடையிலான நீர்ப்பாசனத் திட்டங்கள் மத்தியின் பொறுப்பாயின. இதன் விளைவை அறிய மாதுறுஓயாவை நோக்குவோம். துரித மகாவலித் திட்டத்தின் அணைகளை வெவ்வேறு நாடுகள் பொறுப்பேற்றன. விக்ரோரியாவைப் பிரித்தானியாவும், கொத்மலையைச் சுவீடனும், ரந்தெனிகலையை மேற்கு ஜேர்மனியும் ஏற்க, மாதுறுஓயா அணை கனடாவின் உதவியோடு 1983இல் நிறைவுற்றது. தன் நாட்டில் நிலத்தை மாகாணங்களிடம் ஒப்படைத்து அரை நூற்றாண்டு கழிந்த கனடா, இங்கு 1979ஆம் ஆண்டு மகாவலிச் சட்டத்தின்கீழ் மத்தி நேரடியாக ஆளும் நிலத்திற்குப் பணம் கொடுத்தது. உதவி வழங்குவோர் தம் வரலாற்றைப் பெட்டியில் வைத்துக்கொண்டு பயணம் செய்வதில்லை போலும்.

மாதுறுஓயா வாழைச்சேனைப் பக்கமாகக் கடலையடையும் ஆறு. அதன் இடதுகரை அபிவிருத்தி செய்யப்பட்டது. மட்டக்களப்பு மாவட்டத்தைப் பெரிதும் சார்ந்த வலதுகரை, திட்டமிட்டபடி மேற்கொள்ளப்படவில்லை. 1983இல் அங்கு பிறமாவட்டத்தவர் கூட்டங்கூட்டமாகக் குடியேற்றப்பட்டு, எதிர்ப்பெழுந்தபின் அகற்றப்பட்டனர். தொடர்ந்து போர் வந்தது. அவ்வலதுகரைப் பகுதியிலேயே மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சற்றரைகள் உள்ளன. மட்டக்களப்பின் பண்ணையாளர் தம் மாடுகளைத் தலைமுறைகளாக அங்கு கொண்டு சென்று மேய்த்து வந்தனர். அண்மைக் காலத்திற் பிறமாவட்டத்தவர் அத்தரைகளிற் பயிர்செய்யத் தொடங்கினர். மாடுகள் சுடப்பட்டும் வெட்டப்பட்டும் இறந்தன. 2023 செப்டெம்பரிற் பண்ணையாளர் சித்தாண்டியில் வீதியோரத்திற் பந்தலிட்டுப் போராட்டம் தொடங்கினர். அப்பந்தல் தன்னாமுனையிலிருந்து அதே நெடுஞ்சாலையில் வடக்கே சிறிது தூரம் சென்றால் வரும் இடத்திலேயே இருந்தது. பிரதேச செயலாளரிடம் அவர்கள் மனுக் கொடுத்தனர்; மாவட்டச் செயலாளரிடமும் கொடுத்தனர். மேய்ச்சற்றரையை அளந்து எல்லையிட்டுக் கொடுக்கும் அதிகாரம் அவ்விருவரிடமும் இருக்கவில்லை. அது மகாவலி அதிகார சபையிடம் இருந்தது.