சிவகங்கை வழக்கும் நம் குடிப்பொருளும்

பொருள் ஈட்டுதல் ஒரு திறம். ஈட்டியதனை ஈட்டினார் மறைந்த பின்னரும் சிதையாவண்ணம் வழிவழி வருவார்பால் சேர்ப்பித்தல் பிறிதொரு திறம். முன்னதில் நம்மவர் யார்க்கும் இளைத்தவரல்லர். பின்னதிலோ பெரிதும் சோர்வுடையோம். வானம் பார்த்த செம்மண்ணில் முந்திரி வைத்து வளர்த்த பாட்டனார் பெயரிலேயே பட்டா நிற்க, பேரர் பலர் வாய்மொழிப் பாகத்தால் அந்நிலத்தைத் துய்த்து வருதல் ஆண்டிமடத்தைச் சூழ்ந்த ஊர்களில் அரிதன்று. அவருள் ஒருவர் இறந்தாலும், ஒருவர் விற்க நினைத்தாலும் அவ்வாய்மொழி எத்துணை நாள் நிற்கும்? இவ்வினாவுக்கு விடை கூறவல்லது சிவகங்கை ஜமீனின் வரலாறு.

மருது சகோதரர் வீழ்ந்த 1801-ஆம் ஆண்டில், கும்பினியார் படமாத்தூர் கௌரி வல்லப பெரிய உடையணத் தேவரைச் சிவகங்கைக்குத் தலைவராக்கினர். 1803-இல் சன்னதும் வழங்கினர். அவர்தம் தமையனார் ஓயாத்தேவர், மைந்தரை விடுத்து முன்னரே மறைந்தார். தேவர் 1829-இல் ஆண்மகவின்றி இறந்தார். மனைவியரும் மகளிரும் எஞ்சி நின்றனர். ஆயினும் ஜமீன் ஓயாத்தேவர் மகனார் முத்துவடுகநாதர் கைப்பட்டது.

இங்கு எழுந்த வினா ஒன்றே. அந்த ஜமீன் குடும்பப் பொதுச் சொத்தோ, தேவர் தாமே பெற்ற தனிச் சொத்தோ? பொதுச் சொத்தாயின் அக்காலத்து இந்து தரும நூல் முறைப்படி அது பிரியாக் குடும்பத்து ஆண்மக்களைச் சாரும். தனிச் சொத்தாயின் மனைவியையும், அவர்க்குப் பின் மகளையும் சாரும். இதனைத் தெளிவிக்க வல்லவர் தேவர் ஒருவரே; அவரோ இறந்துபட்டார். ஐயத்துக்கு இடமற்ற ஆவணம் எதுவும் இவ்வழக்கைத் தீர்க்க உதவிற்றில்லை.

தேவரின் மனைவியாராகிய அங்கமுத்து நாச்சியார் நெடுநாள் வழக்காடி, முடிவு காணாமலே 1850-இல் உயிர் நீத்தார். பின்னர்த் தேவரின் மகள் காத்தம நாச்சியார் அவ்வழக்கை மேற்கொண்டு, கடல் கடந்து இலண்டன் பிரிவி கவுன்சில் வரை கொண்டு சென்றார். குடும்பம் பிரியாதிருப்பினும் அதனுள் ஒருவர் தாமே பெற்ற பொருள் தனிப்பொருளே என்று அம்மன்றம் 1863-இல் தீர்ப்பளித்தது. மகளார் வென்றார். ஆனால் தந்தை மறைந்து முப்பத்து நான்கு ஆண்டுகள் கழிந்திருந்தன! 1877-இல் காத்தம நாச்சியார் மறைந்த பின்னரும் பூசல் ஓய்ந்திலது. 1881-இலும் அம்மன்றம் இதே ஜமீனைப் பற்றிய வழக்கொன்றைத் தீர்க்க நேர்ந்தது. கடன் சுமை பெருகி, அந்நூற்றாண்டு முடிவதற்கு முன்னரே ஜமீன் ஐரோப்பியர்க்குக் குத்தகையாயிற்று. வென்றவர் யாவர், தோற்றவர் யாவர் என்று அன்பர்களே கருதிப் பார்க்க.

இது தென்பாண்டிச் செய்தி, நமக்கென்னை என்று கருதற்க. கனம் கிருஷ்ணையர் போன்ற இசைவாணரைப் போற்றிய நம் அண்டை உடையார்பாளைய ஜமீனின் குடும்ப வழக்கும் 1905-இல் அதே பிரிவி கவுன்சிலில்தான் முடிவுற்றது. ஜமீன்கள் 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தன. அவற்றை அரித்த பிணியோ இரண்டு காணிக்கு உரியார் வீட்டிலும் இன்றும் குடிகொண்டுள்ளது.

சட்டமோ அன்று இருந்தவாறு இன்று இல்லை. 1937-ஆம் ஆண்டுச் சட்டம் கைம்பெண்டிர்க்குக் கணவன் பங்கில் அளவுபட்ட உரிமை தந்தது. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் பெண்டிர்க்கு முழு உரிமை நல்கியது. குடும்பப் பொதுச் சொத்தில் தனக்குரிய பங்கையும் ஒருவன் உயிலால் கொடுக்கலாம் என்றது. 1989-இல் தமிழ்நாடு, அதுகாறும் மணமாகாத மகளிரைப் பங்காளிகளாக்கியது. 2005-ஆம் ஆண்டுத் திருத்தம் மணமானவர் ஆகாதவர் என்னும் வேறுபாடின்றி மகளிர் யாவரையும் பிறப்பாலேயே பங்காளிகளாக்கியது. தந்தை அவ்வாண்டில் உயிரோடிருந்திருக்க வேண்டுவதில்லை என்று 2020-இல் உச்சநீதிமன்றம் தெளிவித்தது. 'வாய்மொழியாக முன்னரே பிரித்துக்கொண்டோம்' என்னும் கூற்று, பொது ஆவணங்களின் துணையோடு ஐயமற மெய்ப்பிக்கப்பட்டாலன்றி எளிதில் செல்லாது என்றும் அத்தீர்ப்பு உரைத்தது. நம்மூர் வாய்மொழிப் பாகங்களின் நிலை யாதாகும் என்பதை இதனால் உணர்க.

ஆதலின் சங்கத்து அன்பர் ஒவ்வொருவரும் தம் வாழ்நாளிலேயே மூன்று செய்தல் வேண்டும். முதலாவது, பிதிரார்ஜிதம் இது, சுயார்ஜிதம் இது என்று சொத்துகளை வகுத்து எழுதி, மூலப் பத்திரங்களை ஒருங்கு சேர்த்து வைத்தல். இரண்டாவது, வாய்மொழிப் பாகத்தைப் பாகப்பிரிவினைப் பத்திரமாகப் பதிவு செய்து பட்டாவை மாற்றுதல். அங்ஙனம் செய்யுங்கால் உடன்பிறந்த மகளிரின் பங்கை மறையாதிருத்தல். மூன்றாவது, தம் விருப்பத்தை உயிலாக எழுதிச் சான்றினர் இருவர் முன் கையொப்பமிடுதல். உயிலைப் பதிவு செய்தல் கட்டாயமன்று, செய்வது காப்பு. திருமணம், மகப்பேறு, மனைவியின் மறைவு என வாழ்வு மாறுந்தோறும் உயிலை மாற்றி எழுதலாம். உயிருள்ளளவும் அவ்வுரிமை எழுதியவர்க்கு உண்டு.

முதுமையில் அன்பு மேலிட்டு யாவற்றையும் மக்களுக்கு எழுதிவைத்துப் பின் திண்ணையில் வாடுவாரும் உளர். கொடுப்பதாயின், 'எம்மைப் பேணிக் காத்தல் வேண்டும்' என்னும் நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுக. அந்நிபந்தனை தவறின் கொடையைச் செல்லாததாக்க 2007-ஆம் ஆண்டு மூத்தகுடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வழி செய்துள்ளது.

உயில் எழுதுதல் சாவை அழைப்பதாகும் என்று நம் முதியோர் அஞ்சுவர். எழுதாது சென்ற வீட்டில் சாவு ஒருநாள் நிகழ்ச்சியாய் முடிவதில்லை; வழக்காய் நீடித்து, அண்ணனையும் தங்கையையும் ஒருவர் வாயிலை ஒருவர் மிதியாதவராக்கி விடுகின்றது. காத்தம நாச்சியாரின் முப்பத்து நான்கு ஆண்டுகளை நினைந்து, அடுத்த மகாசபைக் கூட்டத்துக்கு முன்னரேனும் நம்மவர் ஒவ்வொருவரும் தத்தம் பெட்டியைத் திறந்து பத்திரங்களை எடுத்துப் பார்ப்பாராக.