ஓட்டமும் நடையுமாக

பெங்களூரு கப்பன் பார்க்கில் விடிகாலையில் ஓட வருகிறவர்கள் பேச்சில் அடிக்கடி அடிபடும் சொல் ‘ஸ்ட்ரீக்’. ஒருநாள்கூட விடாமல் ஓடிவருவதற்கு அந்தப் பெயர். “நான் இருநூறு நாள் தாண்டிட்டேன்” என்பார் ஒருவர். “நேத்து பாதி தூரம் நடந்துதானே வந்தீங்க, அதை எப்படிச் சேர்த்தீங்க?” என்பார் கூட ஓடுகிறவர். நட்போடு தொடங்கும் இந்த வழக்கு சில நேரம் கசப்பில் முடிகிறது. எதை ஓட்டம் என்பது? ஓட்டம் என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் வழக்குக்குப் பாதி விடை கிடைக்கும்.

தமிழில் ஓடு, ஓட்டம். கன்னடத்தில் ஓடு, ஓட. நம் ஆட்டம் அவர்களுக்கு ஆட, நம் நோட்டம் அவர்களுக்கு நோட. அதே வரிசையில்தான் ஓட்டமும் ஓடவும் நிற்கின்றன. அல்சூரில் வளர்ந்த தமிழருக்கும் மல்லேஸ்வரத்துக் கன்னடியருக்கும் இந்தச் சொல்லில் தடங்கலே வராது. தெலுங்கர்தான் கொஞ்சம் திகைப்பார். அவர் மொழியில் ஓடுவதற்குச் சொல் ‘பருகு’. ‘ஓடு’ என்றால் தோற்றுப்போ, ‘ஓட்டமி’ என்றால் தோல்வி. தமிழிலும் அந்த வாடை முழுதாகப் போய்விடவில்லை. ஓட்டம் பிடித்தான், ஓட ஓட விரட்டினார்கள், ஓடுகாலி என்றெல்லாம் சொல்கிறோமே! நம் பேச்சில் ஓடியவன் பெரும்பாலும் பயந்தவன். பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் சுண்ணாம்புக் கோடு போட்டு ஓட்டப்பந்தயம் வைத்தபோது அதே சொல்லுக்குப் பரிசும் கைதட்டலும் சேர்ந்தன.

ஆனால் கால் சம்பந்தமில்லாத ஓட்டங்களும் நம்மிடம் ஏராளம். நீரோட்டம், ரத்த ஓட்டம், வெள்ளோட்டம், தேரோட்டம். இவற்றில் தேரோட்டத்தைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். திருவாரூர் ஆழித்தேர் வீதியில் அசைந்து அசைந்து வரும். கூட நடக்கும் குழந்தை அதை முந்திவிடும். முட்டுக்கட்டை போட்டு நிறுத்துவார்கள், திருப்புவார்கள், மறுபடி வடம் பிடிப்பார்கள். ஆனாலும் அதைத் தேர்நடை என்று யாரும் சொன்னதில்லை. நான்கு வீதியும் சுற்றி, தேர் நிலைக்கு வந்தால்தான் ஓட்டம் முடிந்தது என்று பொருள். நடுவழியில் நின்ற தேரை ‘ஓடியது’ என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. அங்கே வேகத்தை யாரும் அளப்பதில்லை. புறப்படும் இடமும் வந்து சேரும் இடமும் முன்னாலேயே முடிவாகியிருக்கின்றன, அதுதான் கணக்கு.

ஆங்கிலத்தில் ஸ்ட்ரீக் என்பது முதலில் ஒரு கோடு, ஒரு கீற்று. அறுபடாமல் தொடரும் அதிர்ஷ்டத்தையும் வெற்றியையும் குறிக்க அது பின்னால் வந்து சேர்ந்தது. அதைத் தமிழாக்கி ‘தொடரோட்டம்’ என்று சொல்லிவிடலாம் என்றால், நாலு பேர் கோல் மாற்றி ஓடும் பந்தயம் அந்தப் பெயரை ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது. ‘நாள் தவறா ஓட்டம்’ என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. நாள் தவறாமல் கோலம் போட்டாள், நாள் தவறாமல் கோயிலுக்குப் போனார் என்று வீட்டில் புழங்கும் பேச்சு அது.

இனி அளவு. அமெரிக்க ஸ்ட்ரீக் ஓட்டக்காரர்களின் சங்கம் வைத்திருக்கும் விதி எளியது: ஒவ்வொரு நாளும் நள்ளிரவுக்குள் குறைந்தது ஒரு மைல், சொந்த உடல் பலத்தில், இடைவிடாமல் ஓட வேண்டும். சாலை, மைதானம், டிரெட்மில் எதுவானாலும் சரி. ஊன்றுகோல் கூடாது. இந்த மைல் எங்கிருந்து வந்தது? லத்தீனில் ‘மில்லே பாஸுஸ்’, அதாவது ஆயிரம் இரட்டைக் காலடி. ரோமானியப் படை நடந்துபோன தூரத்தின் அளவு. ஓட்டத்துக்கு இவ்வளவு கறாராக விதி எழுதியவர்கள் கையில் பிடித்திருக்கும் அளவுகோலே நடையில் பிறந்ததுதான்! நம் ஊரில் மைல் கணக்கு மறைந்துவிட்டது, 1.6 என்ற எண் யார் மனத்திலும் ஒட்டுவதில்லை. இங்குள்ள பலர் 2 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்கிறார்கள். அதில் குற்றமில்லை.

நடைக்கும் ஓட்டத்துக்கும் நடுவே கோடு கிழித்து வைத்திருப்பது நடைப்பந்தயம். நடுவரின் வெறுங்கண்ணுக்குத் தெரிகிற அளவில் எப்போதும் ஒரு பாதம் தரையில் இருக்க வேண்டும். முன்கால் தரையைத் தொட்டதிலிருந்து உடலுக்கு நேர்கீழே வரும்வரை முழங்கால் மடங்கக் கூடாது. இரு காலும் ஒருசேர எழும்பினால் எச்சரிக்கை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் கேரளத்தின் கே.டி. இர்ஃபான் 20 கி.மீ. நடையில் பத்தாவதாக வந்தது இந்த விதிக்குக் கட்டுப்பட்டுத்தான். அங்கே அந்தக் கோடு தேவை, ஏனென்றால் அது போட்டி. ஆனால் 2022 ஜூலையில் இதே பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் 24 மணிநேர ஆசிய – ஓசியானிய சாம்பியன்ஷிப் நடந்தது. அந்த வகைப் போட்டியில் நடந்தாலும் தூரம் சேரும். உலகின் மிகக் கடுமையான ஓட்டங்களில் ஒன்று, ஓட்டமும் நடையுமாகப் போவதைப் பிழையாகவே நினைக்கவில்லை.

இங்கிலாந்தின் ரான் ஹில் 1964 டிசம்பர் 20 முதல் 2017 ஜனவரி வரை, 52 ஆண்டு 39 நாள் விடாமல் ஓடியவர். 1970இல் பாஸ்டன் மாரத்தானை வென்றவர். 1993இல் காலில் அறுவைச் சிகிச்சை முடிந்த கையோடு ஊன்றுகோலின் துணையால் தன் மைலை முடித்தார். அமெரிக்க விதிப்படி அது சேராது. அவருக்குச் சேர்ந்தது. கடைசியில் ஓடும்போது நெஞ்சில் வலி வந்ததும் எண்ணிக்கையை அவரே நிறுத்தினார். ஊன்றுகோல் நாளைவிட இந்த நிறுத்தத்துக்குத்தான் நான் அதிகம் தலைவணங்குவேன்.

எங்கள் அடுக்ககத்தின் பேஸ்மென்ட்டில் ஒருவர் இரவு பதினொன்றரைக்கு மேல் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். வேலை முடிந்து அப்போதுதான் திரும்பியவர், கழுத்தில் அடையாள அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. கீழ்த்தளத்தில் ஜிபிஎஸ் எடுக்காது என்று தூணுக்குத் தூண் காலடியால் அளந்து, சுற்றுகளை விரல்விட்டு எண்ணினார். தண்ணீர்த் தொட்டியின் இரும்பு மூடி சுற்றுக்கு ஒருமுறை டங்கென்றது. களைத்த சுற்றுகளில் நடந்தார், பிறகு மறுபடி ஓடினார். பன்னிரண்டு அடிக்கச் சில நிமிஷம் இருக்கையில் முடித்தார். என் தீர்ப்பில் அது முழு ஓட்டம்.

நாள் தவறாமல் ஓடத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணிக்குள், நடை சேருமா சேராதா என்பதை முதல் நாளுக்கு முன்னாலேயே ஒரு தாளில் எழுதிவையுங்கள். இடையில் மாற்றாதீர்கள். அந்தத் தாளைக் கொண்டு அடுத்தவர் ஓட்டத்தை அளக்காதீர்கள். காய்ச்சலோ நெஞ்சுவலியோ வந்தால் அன்றே எண்ணிக்கையை விட்டுவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.